பாலாற்றுப் பாலத்தில் ஓர் ஆட்டோ: தடைகளைத் தவிர்த்து ஓடும் கணினி விளையாட்டை முதன்முறையாக உருவாக்குவோருக்கு

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் 7 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் சிலர் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். முதல் விளையாட்டாக எதைச் செய்யலாம் என்று கேட்டபோது, காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வேலூருக்கு வரும் ஷேர் ஆட்டோவைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சாலையின் பள்ளமும், நடுவில் படுத்திருக்கும் மாடும், வழியை அடைத்து நிற்கும் தள்ளுவண்டியும் அவர்கள் நாள்தோறும் பார்ப்பவை என்பதால், எது தடை, எப்படித் தப்புவது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த விளையாட்டை உருவாக்கிய முறையையும், உருவாக்கும்போது நாங்கள் இடறிய இடங்களையும் இங்கே எழுதுகிறேன்.

தடை தவிர்க்கும் விளையாட்டு மிகப் பழைய வகையைச் சேர்ந்தது. 1981இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ஃப்ராகர் விளையாட்டில் தவளை வாகனங்களுக்கு இடையே சாலையைக் கடந்தது; 2014 முதல் க்ரோம் உலாவியில் இணையம் துண்டிக்கப்படும்போது தோன்றும் டைனோசர் கள்ளிச் செடிகளைத் தாண்டி ஓடுகிறது. இரண்டின் விதியும் ஒன்றே: தொட்டால் ஆட்டம் முடிந்தது. விதி இவ்வளவு எளிதாக இருப்பதால் தொடக்கநிலையினருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை என்று கருதுகிறேன். ஆனால் விதி எளிதாக இருப்பதாலேயே இதில் ஒரு கடமையும் இருக்கிறது. ஆட்டத்தில் தோற்றவர், தம் கவனக்குறைவால்தான் தோற்றோம் என்று உணர வேண்டும். கணினி தப்ப முடியாத இடத்தில் தம்மை மடக்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றினால், அந்த விளையாட்டை அவர் மறுபடி தொடமாட்டார். கீழே வரும் கணக்குகள் எல்லாம் அந்த நியாயத்தை உறுதிசெய்வதற்காகவே.

நாங்கள் பயன்படுத்தியது ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட இந்த இலவச மென்பொருளின் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. உலாவியிலேயே இதைத் திறந்து வேலை செய்யலாம். செயலியைப் பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துவதால், எழுத்துப்பிழையால் நிரல் நின்றுபோகும் தொல்லை இல்லை. கட்டைகளின் பெயர்களை ஆங்கில ஒலிப்பிலேயே தருகிறேன். ஆனால் மாறிகளுக்கும் (மாறும் எண்களைச் சேமித்து வைக்கும் இடங்கள்), உருவங்களுக்கும் (திரையில் இயங்கும் படங்கள்) நீங்கள் சூட்டும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். ஸ்கிராட்ச் அவற்றை ஏற்றுக்கொள்ளும். வேகம் என்று பெயரிட்ட மாறி என்ன செய்கிறது என்று ஆறாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட ஒரு முறை சொன்னால் போதும்.

விளையாட்டு நடக்கும் திரைப் பகுதியான மேடையின் அளவை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் 480 அலகுகள், உயரம் 360 அலகுகள். நடுப்புள்ளி பூஜ்யம் என்பதால், எக்ஸ் இடப்பக்கம் -240 முதல் வலப்பக்கம் 240 வரையும், ஒய் அடியில் -180 முதல் உச்சியில் 180 வரையும் செல்லும். 9ஆம் வகுப்புக் கணிதத்தின் ஆயத்தொலை வடிவியல் இதுதான். அந்தப் பாடத்தை இன்னும் எட்டாத பிள்ளைகளுக்கு வரைபடத்தாளில் இந்த மேடையை வரைந்து, ஒரு புளியங்கொட்டையை நகர்த்திக் காட்டினேன்; பத்தே நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள்.

அடுத்து, ஆட்டோ உண்மையில் முன்னே போவதே இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ரயிலின் சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு மரங்கள் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றுவதைப் போல, இங்கே ஆட்டோ ஒரே உயரத்தில் நிற்க, தடைகள் மேலிருந்து கீழே நகர்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு ஆட்டோ விரைவதாகத் தெரியும். அதனால் ஆட்டோவின் ஒய் எப்போதும் -120. இட, வல அம்புக்குறி விசைகளால் மாறுவது அதன் எக்ஸ் மட்டுமே.

சாலையைப் பின்னணிப் படத்தில் சாம்பல் நிறப் பட்டையாக, எக்ஸ் -120 முதல் 120 வரை வரையுங்கள். இரு புறமும் மணல் நிறம் பூசினால் கோடைக்காலப் பாலாறு வந்துவிடும். ஆட்டோவை மேலிருந்து பார்ப்பதுபோல மஞ்சள் கூரையோடு, 40 அலகு அகலமும் 60 அலகு நீளமும் கொண்டதாக வரையுங்கள். தடை என்று ஒரே உருவத்தை உண்டாக்கி, அதற்குள் பள்ளம், மாடு, தள்ளுவண்டி என மூன்று தோற்றங்களை வையுங்கள். ஒவ்வொன்றும் 50 அலகு அகலத்தையும் 50 அலகு உயரத்தையும் தாண்டக் கூடாது. வரையும் பலகையின் நடுவே தெரியும் சிறு குறியின் மேல் படத்தின் மையம் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பின்வரும் கணக்கு எதுவும் சரிவராது. அளவைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. தடையை எக்ஸ் 0 இலும் ஆட்டோவை எக்ஸ் 45 இலும் பக்கத்தில் பக்கமாக நிறுத்திப் பாருங்கள். இரண்டின் விளிம்புகளும் ஒட்டினாற்போல நின்றால் அளவு சரி. ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ இடைவெளி தெரிந்தாலோ, சைஸ் என்ற கட்டத்தில் உள்ள விழுக்காட்டைக் கூட்டியோ குறைத்தோ திருத்துங்கள்.

படம் வரைவதில் ஒரு மாணவி மிகவும் ஈடுபட்டு, மாட்டுக்கு நீண்ட நிழலும் ஆட்டோவுக்கு இருபுறமும் துருத்திய கண்ணாடிகளும் வரைந்தாள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கிராட்ச் ஓர் உருவத்தின் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் அதன் உடலாகவே கருதுகிறது. அதனால் மாட்டைத் தாண்டிய பிறகும் அதன் நிழலில் உரசி ஆட்டோ தோற்றது. விளையாடியவர்கள் மாட்டைத் தொடவே இல்லை என்று முறையிட்டார்கள். அது நியாயமான முறையீடு. நிழலையும் கண்ணாடியையும் அழித்துவிட்டோம். உருவம் எவ்வளவு திரண்டு, வெளிப்புறம் மழுங்கி இருக்கிறதோ, மோதல் அவ்வளவு நேர்மையாக இருக்கும்.

இப்போது நிரல். நிலை, வேகம், மதிப்பெண் என மூன்று மாறிகளை, எல்லா உருவங்களுக்கும் பொதுவாக இருக்கும்படி உண்டாக்குங்கள். நிலை 1 என்றால் ஆட்டம் நடக்கிறது, 0 என்றால் முடிந்துவிட்டது. மேடையைத் தேர்ந்தெடுத்து, பச்சைக் கொடியை அழுத்தும்போது இயங்கும் மஞ்சள் கட்டையின் கீழ், நிலையை 1 ஆகவும் வேகத்தை 5 ஆகவும் மதிப்பெண்ணை 0 ஆகவும் அமைத்து, கடைசியில் பிராட்காஸ்ட் கட்டையால் தொடங்கு என்ற செய்தியை அனுப்புங்கள். ஆட்டோவும் தடையும் பச்சைக் கொடிக்குக் காத்திராமல், இந்தச் செய்தி வந்த பின்னரே தம் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த ஒழுங்கை நாங்கள் முதலில் கடைப்பிடிக்கவில்லை. எல்லா உருவங்களையும் பச்சைக் கொடியாலேயே தொடங்கினோம். முதல் ஆட்டம் நன்றாக நடந்தது, இரண்டாம் ஆட்டத்தில் தடையே வரவில்லை. முந்தைய ஆட்டத்தின் முடிவில் 0 ஆன நிலை, மீண்டும் 1 ஆவதற்கு முன்பே தடையின் நிரல் அதைப் படித்துப் பார்த்து, ஆட்டம் முடிந்துவிட்டதாக எண்ணி நின்றுவிட்டது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழு மாலை ஆனது.

ஆட்டோவின் நிரல் இப்படி அமையும். தொடங்கு என்ற செய்தி வந்ததும் எக்ஸ் 0, ஒய் -120 என்ற இடத்துக்குச் செல்ல வேண்டும். பிறகு, உள்ளே இருக்கும் கட்டளைகளை நிலை 0 ஆகும்வரை திரும்பத் திரும்பச் செய்யும் ரிப்பீட் அன்டில் மடக்கு. அதற்குள் மூன்று நிபந்தனைகள்: இட அம்புக்குறி அழுத்தப்பட்டு, எக்ஸ் -96ஐவிட அதிகமாகவும் இருந்தால் எக்ஸை -8 ஆல் மாற்று, வல அம்புக்குறி அழுத்தப்பட்டு, எக்ஸ் 96ஐவிடக் குறைவாகவும் இருந்தால் 8 ஆல் மாற்று, தடையைத் தொட்டால் நிலையை 0 ஆக்கு. 96 என்ற எண் 8இன் மடங்கு என்பதால் ஆட்டோ அங்கே சரியாக நிற்கும். 100 என்று எழுதினால் 104 வரை சென்று சக்கரம் சாலையை விட்டு இறங்கிவிடும்.

விசை அழுத்தப்படும்போது இயங்கும் தனி மஞ்சள் கட்டை ஒன்றும் இருக்கிறது. தொடக்கநிலையினர் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். அதைப் பயன்படுத்தினால் விசையை அழுத்தியதும் ஆட்டோ ஒரு முறை நகர்ந்து, சற்றே நின்று, அதன் பிறகுதான் தொடர்ந்து ஓடும். ஓர் எழுத்தை விசைப்பலகையில் அழுத்திப் பிடித்தால் முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் இடையே தோன்றும் அதே தாமதம்தான் இது. மாடு எதிரே வரும் நேரத்தில் அந்தத் தாமதம் ஆட்டக்காரருக்குச் செய்யும் அநீதி. அதனால் வெளிர்நீல நிறத்தில் உள்ள கீ பிரஸ்டு என்ற கட்டையை மடக்குக்குள் வைப்பதே சரியான முறை.

தடைக்கு இரண்டு நிரல்கள் தேவை. மூல உருவம் எப்போதும் மறைந்தே இருக்கும். அதன் வேலை குளோன் எனப்படும் நகல்களை உண்டாக்குவது மட்டும். தொடங்கு என்ற செய்தி வந்ததும் அது தன்னை மறைத்துக்கொண்டு, நிலை 0 ஆகும்வரை ஒரு நகலை உண்டாக்கி, 5ஐ வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் விநாடிகள் காத்திருந்து, வேகம் 9ஐவிடக் குறைவாக இருந்தால் அதை 0.05 கூட்ட வேண்டும். இரண்டாம் நிரல் ஒவ்வொரு நகலுக்கும் உரியது. வென் ஐ ஸ்டார்ட் அஸ் எ குளோன் என்ற கட்டையின் கீழ், மூன்று தோற்றங்களில் ஒன்றைப் பிக் ரேண்டம் கட்டையால் தேர்ந்து, எக்ஸ் -90க்கும் 90க்கும் இடையே ஏதேனும் ஓர் எண்ணிலும் ஒய் 180 இலும் நின்று, தன்னைக் காட்டிக்கொள்ளும். பிறகு, நிலை 0 ஆகும்வரை அல்லது ஒய் -170ஐவிடக் குறையும்வரை, வேகத்தின் அளவுக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மடக்கு முடிந்ததும் ஒய் -170க்குக் கீழே இருந்தால் மட்டும் மதிப்பெண்ணை 1 கூட்டித் தன்னை அழித்துக்கொள்ளும்.

-170 என்ற எண்ணைக் கண்டபடி மாற்ற வேண்டாம். ஸ்கிராட்ச் எந்த உருவத்தையும் மேடைக்கு வெளியே முழுவதுமாகப் போகவிடாது. ஒரு சிறு பகுதியையாவது விளிம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாணவன் -200 என்று எழுதியிருந்தான். அவனுடைய பள்ளங்கள் எல்லாம் -190ஐத் தாண்ட முடியாமல் திரையின் அடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன, மதிப்பெண்ணும் ஏறவில்லை.

ஆட்டத்தை முடிக்க ஸ்டாப் ஆல் என்ற கட்டை இருக்கும்போது, நிலை என்ற மாறி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கட்டை நிரலை நிறுத்துவதோடு எல்லா நகல்களையும் அழித்தும் விடுகிறது. மோதிய அடுத்த கணமே மாடும் பள்ளமும் மறைந்து, வெறும் சாலையில் ஆட்டோ மட்டும் நிற்கும். எதில் மோதினோம் என்று தெரியாமலேயே ஆட்டக்காரர் தோற்றிருப்பார். நிலையை 0 ஆக்கும் முறையில் எல்லாம் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்பதால், தவறு கண்ணெதிரே இருக்கும். அடுத்த முறை பச்சைக் கொடியை அழுத்தும்போது பழைய நகல்கள் தாமாகவே அழிந்துவிடும்.

இனி, 5, 9, 0.05 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் விரும்பி எழுதும் பகுதி இதுதான். ஸ்கிராட்ச் திரையை விநாடிக்கு 30 முறை வரைகிறது. மடக்கு ஒரு முறை சுற்றுவதும் திரை ஒரு முறை புதுப்பிக்கப்படுவதும் ஒன்றே. தடை ஒய் 180 இல் தோன்றுகிறது. ஆட்டோவின் முன்முனை ஒய் -90 இல் இருக்கிறது. தடையின் அடிவிளிம்பு அதன் மையத்திலிருந்து 25 அலகு கீழே இருப்பதால், மோதுவதற்கு முன் தடை கடக்கும் தூரம் 245 அலகுகள். வேகம் 5 என்றால் அதற்கு 49 சுற்றுகள், அதாவது 1.6 விநாடிக்குச் சற்று அதிகம். வேகம் 9 என்றால் ஏறத்தாழ 27 சுற்றுகள், அதாவது 0.9 விநாடி. நேர் எதிரே வரும் தடையிலிருந்து விலக ஆட்டோ 45 அலகு நகர வேண்டும். சுற்றுக்கு 8 வீதம் அது 6 சுற்றுகள், 0.2 விநாடி. கண் பார்த்துக் கை இயங்குவதற்கு மனிதருக்குச் சுமார் கால் விநாடி ஆகும். இரண்டையும் கூட்டினால் அரை விநாடிக்கும் குறைவு. ஆகவே வேகம் 9 இல்கூட விழிப்பாக இருப்பவருக்கு நேரம் மிஞ்சுகிறது. அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் விளையாட்டு திறமையைச் சோதிப்பதை விட்டுவிட்டு, அதிர்ஷ்டத்தைச் சோதிக்கத் தொடங்கிவிடும்.

தடைகளுக்கு இடையேயான தூரம் இதைவிட முக்கியமானது. வேகம் 5 ஆக இருக்கும்போது ஒரு விநாடி காத்திருந்தால், முன் தடை 150 அலகு இறங்கிய பிறகே அடுத்தது தோன்றும். வேகம் ஏறும்போது காத்திருக்கும் நேரம் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்பதற்காகத்தான் 5ஐ வேகத்தால் வகுக்கிறோம். அதனால் இடைவெளி எப்போதும் ஏறத்தாழ 150 அலகாகவே இருக்கும். ஆட்டோவின் நீளமும் தடையின் உயரமும் சேர்ந்து 110 தான் என்பதால், ஒரே நேரத்தில் இரண்டு தடைகள் ஆட்டோவின் பக்கவாட்டில் வர முடியாது. காத்திருக்கும் நேரத்தை விருப்பம்போல அரை விநாடியாக்கி வேகத்தை 5 இலேயே வைத்தால் இடைவெளி 75 ஆகச் சுருங்கி, இரண்டு தடைகள் சேர்ந்து வழியை நெருக்கும்.

இந்த அளவுகளில் எப்போதும் ஒரு வழி இருக்கிறது என்பதை நிறுவவும் முடியும். ஆட்டோ போகக்கூடிய எல்லையான 96இலிருந்து, விலகத் தேவையான 45ஐக் கழித்தால் 51. தடையின் எக்ஸ் -51க்குக் குறையாவிட்டால் சாலையின் இடக்கோடி திறந்திருக்கும். 51ஐத் தாண்டாவிட்டால் வலக்கோடி திறந்திருக்கும். அடுத்தடுத்து வரும் இரண்டு தடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே -51க்குக் குறையாதவை என்றால் இடக்கோடியில் நின்றே இரண்டையும் கடக்கலாம். இரண்டுமே 51ஐத் தாண்டாதவை என்றால் வலக்கோடி போதும். எஞ்சியிருப்பது ஒன்று வலக்கோடியிலும் மற்றொன்று இடக்கோடியிலும் வரும் நிலை மட்டுமே. அப்போது சாலையின் நடுப்பகுதி திறந்திருக்கும். இதை வரைபடத்தாளில் வரைந்து காட்டியபோது, கணக்கு என்றாலே ஒதுங்கும் ஒரு பையன் தானே எழுந்து வந்து மூன்றாம் நிலையை வரைந்தான்.

ஒவ்வொரு நகலுக்கும் தனித்தனி வேகம் கொடுத்தால் ஆட்டம் சுவையாக இருக்கும் என்று பலருக்கும் தோன்றும். பின்னால் வரும் வேகமான தடை முன்னால் போகும் மெதுவான தடையை எட்டிப்பிடிக்கும்போது 150 அலகு இடைவெளி சிதைந்து, மேற்சொன்ன உறுதி போய்விடும். அதனால் வேகம் என்ற மாறி பொதுவானதாகவே இருக்கட்டும். 0.05 வீதம் கூட்டினால் 5இலிருந்து 9ஐ எட்ட 80 தடைகள், ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும்.

நியாயத்துக்கு மறுபக்கமும் உண்டு. சாலையின் நடுவில் அசையாமல் நிற்பவரை ஏறத்தாழ இரண்டில் ஒரு தடை தாக்கும். ஓரத்தில் ஒண்டி நிற்பவரை ஐந்தில் ஒன்று மட்டுமே தாக்கும். இதைப் பிள்ளைகள் எனக்கு முன்பே கண்டுபிடித்து, ஓரத்திலேயே நின்று மதிப்பெண் குவித்தார்கள். இதற்குத் தீர்வு, நகல் தன் எக்ஸைத் தேரும் இடத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது: 1 முதல் 3 வரை ஓர் எண்ணை எடுத்து, அது 1 ஆக இருந்தால் ஆட்டோவின் எக்ஸ் எதுவோ அதையே தன் எக்ஸாக வைத்துக்கொள்ளட்டும். சராசரியாக மூன்றில் ஒரு தடையாவது நேராக வரும் என்பதால் யாரும் ஓரத்தில் தூங்க முடியாது. ஆட்டோவின் எக்ஸ் 96ஐத் தாண்டாததால், மேலே நிறுவிய உறுதிக்கும் குறை வராது.

சாலையின் வெள்ளைக் கோடுகளை ஓடச் செய்வது, மோதும்போது ஒலி எழுப்புவது போன்றவற்றை இதே நகல் முறையில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே சேர்த்து, இயக்கிப் பார்த்து, ஆட்டோ-1, ஆட்டோ-2 என்று வேறு வேறு பெயர்களில் கோப்பைச் சேமித்து வையுங்கள். செயலியில் வேலை செய்பவர்கள் மின்வெட்டையும் நினைவில் வைத்து அடிக்கடி சேமிக்க வேண்டும்.

முடிந்ததும், இந்த விளையாட்டை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருங்கள். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் எதனால் தோற்றீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மாடு, பள்ளம் என்று பதில் வந்தால் உங்கள் நிரல் சரியாக இருக்கிறது. தெரியவில்லை என்று பதில் வந்தால், அவரைத் திருத்த முயலாமல் படத்தின் விளிம்பையும் இடைவெளியையும் வேகத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். எங்கள் மாணவி ஒருத்தி இதைக் குடியாத்தத்தில் இருக்கும் தன் பாட்டியிடம் கொடுத்தாள். அவர் மூன்று முறையும் மாட்டின் மேலேயே மோதிவிட்டு, "மாடு நல்லாத்தாம்மா தெரியுது, நான்தான் திருப்பாம வுட்டுட்டேன்" என்றாராம். அடுத்த வாரம் அவருக்காகத் தொடக்க வேகத்தை மட்டும் 4 ஆக்கிக் கொடுத்தோம். காத்திருக்கும் நேரம் வேகத்தைச் சார்ந்தே கணக்கிடப்படுவதால், முதல் இடைவெளி தானாகவே 1.25 விநாடியாகி, அதே 150 அலகு தூரத்தில் தடைகள் வந்தன, வேறு எந்தக் கட்டையையும் நாங்கள் தொட வேண்டியிருக்கவில்லை.